அப்துலா சித்ரான்: ஒரு கவிஞரின் திரைக்கதைகளைப் பற்றி

நெய்தல் எழுதியது:

ஒரு தாய் தன் ஆறு வயது மகனிடம், அப்பா அலுவல் நிமித்தம் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்கிறாள். அப்பா இருப்பதோ கட்டாய உழைப்பு முகாமில். இந்த ஒரு பொய்யின் மேல் எழுப்பப்பட்ட 'அப்பா அலுவல் பயணம் சென்றிருந்தபோது' என்ற யூகோஸ்லாவியத் திரைப்படம் 1985ஆம் ஆண்டு கான் விழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றது. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இயக்குநர் எமீர் குஸ்துரிட்சாவின் பெயரையே சொல்கிறார்கள். அந்தப் பொய்யைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளையாக இருந்து, பிற்காலத்தில் அதைத் திரைக்கதையாக எழுதியவர் அப்துலா சித்ரான். அவர் 2024 மார்ச் 23 அன்று தமது 79ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் விரிவாக எதையும் நான் படித்ததில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சித்ரான் 1944 அக்டோபர் 2 அன்று போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவுக்கு அருகிலுள்ள பினியெஷெவோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை மெஹ்மெத் இரயில்வே தொழிலாளி, கம்யூனிஸ்டு, அதே கம்யூனிஸ்டு அரசால் கோலி ஓட்டோக் என்னும் மொட்டைத் தீவுக்கு அனுப்பப்பட்டவர். யாசெனோவாட்ஸ் வதைமுகாமில் உயிரிழந்த சிறிய தந்தையின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். ஒரு முகாமில் மாண்டவரின் பெயரைச் சுமந்துகொண்டு, இன்னொரு முகாமிலிருந்து திரும்பிவரும் தந்தைக்காகக் காத்திருந்த சிறுவன் அவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அவருடைய எழுத்தில் குடும்பமும் அரசியலும் ஏன் ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன என்பது விளங்கும்.

திரையுலகுக்கு வருவதற்கு முன்பே அவர் கவிஞராக அறியப்பட்டிருந்தார். முதல் கவிதைத் தொகுப்பான 'ஷஹ்பாஸா' 1970இலும், அவருக்கு நிலையான பெயரைத் தேடித்தந்த 'சரயேவோ தொகுப்பு' 1979இலும் வெளிவந்தன. சரயேவோ தொலைக்காட்சியின் நாடகப் பிரிவிலும் பணியாற்றினார். 'டாலி பெல்லை நினைவிருக்கிறதா?' என்ற படம் 1981இல் வெனிஸ் விழாவில் சிறந்த முதற்படத்திற்கான விருதைப் பெற்றபோது குஸ்துரிட்சாவுக்கு வயது 26தான். பிராகாவில் படித்துவிட்டுத் திரும்பிய இளம் இயக்குநருக்கு, தம்மைவிடப் பத்தாண்டு மூத்த ஒரு கவிஞர் தமது வீட்டையும் தந்தையையும் தூக்கிக் கொடுத்தார் என்றே நான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

என் கருத்தை வெளிப்படையாகவே வைக்கிறேன். 'டாலி பெல்', 'அலுவல் பயணம்', 1997இல் வந்த 'பிழையற்ற வட்டம்' ஆகிய மூன்றையும் இரு வேறு இயக்குநர்களின் படங்களாகப் பிரித்துப் பார்ப்பதைவிட, ஒரே கவிஞர் பதினாறு ஆண்டுகளில் எழுதிய ஒரே நீண்ட படைப்பாக வாசிப்பதுதான் பொருத்தம். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

திரையகம் எழுதியது:

நண்பர் நெய்தலுக்கு நன்றி. சித்ரானின் பங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரே படைப்பு என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 'அலுவல் பயண'த்தில் சிறுவன் மாலிக் தூக்கத்தில் எழுந்து நடக்கும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். தாளில் அது ஒரு வரியாக இருந்திருக்கக்கூடும். அந்த வரிக்கு இருளும் ஒளியும் கொடுத்து, ஒரு குழந்தையின் கால் தரையில் படுகிறதா இல்லையா என்று நம்மை ஐயுற வைத்தது இயக்குநரின் கை. கடைசிச் சட்டகத்தில் அந்தச் சிறுவன் நம்மை நோக்கித் திரும்பிப் புன்னகைக்கிறானே, அதை எந்த எழுத்தாளரால் எழுதிக் காட்ட முடியும்?

மேலும், குஸ்துரிட்சா வேறு எழுத்தாளர்களுடன் சேர்ந்தும் பெரும் வெற்றி கண்டவர். கோர்தான் மிஹிச்சுடன் எழுதிய 'ஜிப்சிகளின் காலம்' அவருக்கு 1989இல் கான் விழாவின் சிறந்த இயக்குநர் விருதைத் தந்தது. துஷான் கோவாசெவிச்சுடன் எழுதிய 'அண்டர்கிரவுண்ட்' 1995இல் இரண்டாவது தங்கப்பனையைத் தந்தது. எழுத்தாளர் மாறியும் விருது மாறவில்லை என்றால், படத்தின் உயிர் யாரிடம் இருந்தது என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

---

நெய்தல் எழுதியது:

நீங்கள் சொன்ன அந்த இரு படங்களையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் வாத்திய இசை ஊரையே கிளப்புகிறது. வாத்துகளும் மணக்கூட்டங்களும் சட்டகத்தை நிறைக்கின்றன. எல்லாம் வெளியை நோக்கிப் பொங்குகிறது. சித்ரான் எழுதிய இரண்டும் வீட்டுக்குள் நிகழ்கின்றன. 'டாலி பெல்'லில் ஒரு குடும்பம் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. தந்தை மாஹோ, கட்சிக் கிளைக் கூட்டம் போலவே குடும்பக் கூட்டம் கூட்டி, பிள்ளைகளில் ஒருவனை நடவடிக்கைக் குறிப்பு எழுத வைக்கிறார். உலகத்தை மாற்ற நினைத்த ஒரு மனிதருக்குக் கடைசியில் மாற்றுவதற்குக் கிடைத்தது தம் வீடு மட்டும்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் காட்சியாக்க முடியுமா என்று தெரியவில்லை. மாஹோ நோயுற்று இறந்துபோகிறார். சித்ரானின் தந்தை இறந்தது 1965இல்; படத்தின் காலமும் அறுபதுகள்தான்.

அந்தப் படத்தின் உரையாடலையும் கவனிக்க வேண்டும். பெல்கிரேடு திரையுலகம் பழக்கியிருந்த செம்மையான பேச்சை விட்டுவிட்டு, சரயேவோவின் குறுக்குத்தெருக்களில் பேசப்படும் மொழியை அது எடுத்துக்கொண்டது. அந்தத் தெருக்களின் பேச்சைக் கவிதைக்குள் ஏற்கெனவே கொண்டுவந்திருந்த ஒருவரால்தான் அது இயன்றது என்று நான் நம்புகிறேன். கடைசிப் புன்னகை குஸ்துரிட்சாவுடையது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

---

ஹாஜரா எழுதியது:

நெய்தல் அண்ணனும் திரையகம் அவர்களும் பேசிக்கொண்டிருக்கும் உரிமை வழக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அநியாயமாகச் சிறைப்பட்ட தந்தையைப் பற்றி எழுத உட்காரும் எந்தப் பிள்ளையும் அவரை மாசற்றவராகக் காட்டத்தான் விரும்புவான். சித்ரான் அப்படிச் செய்யவில்லை.

'அலுவல் பயண'த்தில் மாலிக்கின் தந்தை மேஷா ஏன் சிறைப்பட்டார் என்று பாருங்கள். இரயிலில் செய்தித்தாளைப் புரட்டும்போது, எழுதிக்கொண்டிருக்கும் மார்க்ஸின் பின்சுவரில் ஸ்டாலினின் படம் மாட்டியிருப்பதாக வரையப்பட்ட ஒரு கேலிச்சித்திரம் கண்ணில் படுகிறது. இது கொஞ்சம் அதிகம்தான் என்ற பொருளில் ஏதோ சொல்லிவைக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் அவருடைய காதலி அங்கிட்சா. மனைவியை விட்டுவிட்டுத் தன்னோடு வரமாட்டார் என்ற ஆத்திரத்தில் இருக்கும் அவள், அந்தச் சொல்லை மேஷாவின் மைத்துனர் ஜியோவின் காதில் போடுகிறாள். கைது செய்ய ஏற்பாடு செய்கிறவர் சொந்த மைத்துனர். மனைவி சேனாவின் உடன்பிறந்தவர். ஆக, அரசின் கை இந்த வீட்டுக்குள் நுழைவதற்குக் கதவைத் திறந்துவிட்டது மேஷாவின் துரோகமும், காதலியின் பொறாமையும், அண்ணன் தங்கை உறவும்தான்.

மேஷா திரும்பி வந்த பிறகும் எழுத்தாளர் அவரை விட்டுவிடவில்லை. 1952 ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா சோவியத் ஒன்றியத்தோடு கால்பந்து ஆடும் வர்ணனை வானொலியில் கேட்டுக்கொண்டிருக்க, ஊரார் திருமணக் கொண்டாட்டத்தில் இருக்க, மேஷா அங்கிட்சாவை நிலவறைக்குள் இழுத்துச்சென்று பழி தீர்க்கிறார். அதை மாலிக் சாளரம் வழியே பார்த்துவிடுகிறான். பாதிக்கப்பட்டவர் தம் கைக்கு எட்டிய பலவீனமான உயிரின்மேல் அதே கொடுமையை இறக்குகிறார். அந்தக் காட்சியை முதன்முறை பார்த்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்க்க முடிந்தது. தன் தந்தையின் வாழ்க்கையை அடியொற்றி எழுதிய ஒரு கதையில் இதை எழுதுவதற்கு எத்தகைய நேர்மை வேண்டும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இதனால்தான் அந்தப் படம் அரசுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாகச் சுருங்கிவிடாமல் தப்பித்தது.

சேனாவாக நடித்த மிர்யானா கரனோவிச்சைப் பற்றியும் ஒரு வரி. தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் அந்தத் தாயின் முகம்தான், பிள்ளைகளிடம் சொல்லப்பட்ட பொய் எவ்வளவு கனமானது என்பதை நமக்குத் தெரிவிக்கிறது.

---

பழைய வாசகர் எழுதியது:

ஹாஜரா அம்மா சொன்னதற்குப் பின்னணியாகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். வரலாறு தெரியாதவர்களுக்கு ஒரு கேலிச்சித்திரத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்காகச் சிறையா என்று வியப்பாக இருக்கலாம்.

1948 ஜூன் 28 அன்று ஸ்டாலினின் தலைமையிலிருந்த கம்யூனிஸ்டுக் கட்சிகளின் தகவல் அமைப்பு யூகோஸ்லாவியக் கட்சியை வெளியேற்றியது. அதற்கு முந்தைய நாள்வரை ஸ்டாலினின் படத்தை வீட்டில் மாட்டியிருப்பது பற்றுறுதியின் அடையாளம். மறுநாள் முதல் அதுவே துரோகத்தின் அடையாளமாகும் நிலை வந்தது. யார் எந்தப் பக்கம் என்று தெரியாத அந்தக் காலத்தில், மாறத் தாமதித்தவர்களும், மாறியும் நம்பப்படாதவர்களும், வாய்தவறிப் பேசியவர்களும் சிக்கிக்கொண்டார்கள். அத்ரியாட்டிக் கடலில் மரம் செடி அற்ற கோலி ஓட்டோக் தீவில் 1949ஆம் ஆண்டு முகாம் திறக்கப்பட்டது. பாறை உடைப்பதும், உடைத்த பாறையைப் பயனின்றி இடம் மாற்றுவதும் அங்கே தண்டனை. பழைய கைதிகள் இரு வரிசையாக நின்று புதிதாக வருபவர்களை அடிக்க வேண்டும் என்பது அங்கிருந்த நடைமுறை. அடிக்கத் தயங்கியவனும் அடிபட்டான். ஹாஜரா அம்மா சொன்ன நிலவறைக் காட்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

விடுதலையானவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று எழுதி வாங்கப்பட்டார்கள். 1980 மே 4 அன்று யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ இறந்த பிறகுதான் அந்தத் தீவைப் பற்றி நாவலாகவும் நாடகமாகவும் வெளிப்படையாக எழுத முடிந்தது. சித்ரானின் திரைக்கதை அந்தச் சிறிய இடைவெளியில் பிறந்தது. படத்தில் மேஷாவை அந்தத் தீவுக்கு அனுப்பாமல், லிப்னிட்சாவில் சுரங்கத்திற்கும், பிறகு குடும்பத்தோடு ஸ்வோர்னிக்குக்கும் அனுப்பியிருக்கிறார். தணிக்கையை எண்ணியா, சிறுவனின் கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே கதையை வைத்திருக்க வேண்டும் என்பதாலா என்று கேட்டால், இரண்டாவது காரணமே கலைக்குப் பொருந்துகிறது. தீவைக் காட்டியிருந்தால் படம் முகாமின் கதையாகியிருக்கும். காட்டாததால் அது காத்திருந்தவர்களின் கதையாயிற்று.

---

திரையகம் எழுதியது:

ஐயா, இந்த விளக்கத்திற்கு மிக்க நன்றி. அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருந்தும், தீவு ஏன் காட்டப்படவில்லை என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. இன்னொரு ஐயம்: 1989இல் வந்த 'குதூஸ்' படத்தை நெய்தல் ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை? அதுவும் சித்ரானின் எழுத்துதானே?

---

நெய்தல் எழுதியது:

வேண்டுமென்றே விட்டேன். 'குதூஸ்' நல்ல படம். ஆதெமீர் கெனோவிச்சின் முதல் முழுநீளப் படம்; சித்ரான் அவரோடு சேர்ந்து எழுதியது. சிறையிலிருந்து வந்து புது வாழ்வு தொடங்க முயலும் ஒருவன், மனைவியின் துரோகத்தால் கொலைகாரனாகி மலைக்காடுகளில் தலைமறைவாகத் திரிகிறான். எண்பதுகளில் போஸ்னியாவில் உண்மையிலேயே நிகழ்ந்த ஒரு வழக்கைத் தழுவியது. தலைப்புக்கு வெறிநோய் பிடித்தவன் என்பது பொருள். அந்த மனிதன் தன் மனைவியின் சிறுமகளிடம் காட்டும் பரிவில் சித்ரானின் கை தெரிகிறது. ஆயினும் அது செய்தியிலிருந்து எடுத்த கதை. மற்ற மூன்றும் அவருடைய தோலிலிருந்து உரித்த கதைகள். கெனோவிச்சோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு பின்னால் பெரும் பலன் தந்தது என்பதே 'குதூஸ்' படத்தின் முக்கியத்துவமாக எனக்குப் படுகிறது.

---

ஹாஜரா எழுதியது:

அந்தப் பலனைப் பற்றி நானே எழுத விரும்புகிறேன், ஏனெனில் சித்ரானிடம் நான் வந்து சேர்ந்த வழி அதுதான்.

போஸ்னியப் போரின்போது, 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி 29 வரை, 1,425 நாட்கள் சரயேவோ முற்றுகையிடப்பட்டிருந்தது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து பீரங்கிகளும் மறைந்திருந்து சுடுவோரும் நகரத்தைக் குறிவைத்தனர். 1992 ஆகஸ்டு 25 இரவில் தேசிய நூலகம் எரிக்கப்பட்டது. இருபதாண்டுகள் கழித்து, 2012 ஏப்ரல் 6 அன்று, நகரின் முதன்மைச் சாலையில் இறந்தவர்களுக்காக 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாக வைத்தார்கள். சித்ரான் முற்றுகைக்குள்ளேயே இருந்தார். 1993இல் வெளிவந்த கவிதைத் தொகுப்பின் தலைப்பு 'சரயெவ்ஸ்கி தாபுத்'. ஆங்கிலத்தில் இதைச் சவப்பெட்டி என்றே மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் தாபுத் என்பது இறந்தவரை வைத்து, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து செல்வது. எங்கள் வீடுகளில் அதைச் சந்தூக்கு என்போம். மண்ணுக்குள் போவது சவப்பெட்டி. சந்தூக்கோ அடக்கம் முடிந்ததும் அடுத்தவருக்காகப் பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்துவிடும். நாள்தோறும் ஜனாஸா நடந்த ஒரு நகரத்திற்கு இந்தச் சொல்லின் பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள். தமிழில் யாராவது அந்த நூலைக் கொண்டுவந்தால் 'சரயேவோ சந்தூக்கு' என்றே பெயரிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். போர்க்காலத்தில் அவர் ஆற்றிய எழுத்துப்பணிக்காகப் பிரெஞ்சு பென் என்னும் எழுத்தாளர் அமைப்பு அவருக்குச் சுதந்திர விருதை அளித்தது.

'பிழையற்ற வட்டம்' இந்த நாட்களிலிருந்து வந்தது. சித்ரானும் கெனோவிச்சும் எழுத, பியெர் ஜாலிட்சாவும் பங்களித்தார். போர் முடிந்த கையோடு, சிதைந்த அந்த நகரத்திலேயே படமாக்கினார்கள். மனைவியையும் மகளையும் நகரத்தை விட்டு அனுப்பிவிட்டுத் தனித்து நிற்கும் ஹம்ஸா என்ற கவிஞரின் வீட்டில், ஊர் எரிந்து தப்பி வந்த இரண்டு அநாதைச் சிறுவர்கள் அடைக்கலம் புகுகிறார்கள். அவர்களில் கெரீமுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. குண்டு விழும் ஒலி கேட்காத குழந்தை, அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்தை அறிகிறான். ஹம்ஸாவாக நடித்த முஸ்தஃபா நாதரெவிச்சுக்கு வசனம் குறைவு. இடையிடையே ஒலிக்கும் கவிதைகள் சித்ரானுடையவை. 1997இல் கான் விழாவின் இயக்குநர்கள் பிரிவு இந்தப் படத்துடன்தான் தொடங்கியது. அதே ஆண்டு தோக்கியோ விழாவில், வேறொரு படத்துடன் பகிர்ந்துகொண்டு, முதற்பரிசையும் பெற்றது.

முந்தைய இரு படங்களிலும் எழுத்தாளர் மகனாக இருந்தார். இதில் அவரே தந்தையின் இடத்துக்கு வந்துவிட்டார், பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு யாரோ பெற்ற பிள்ளைகளுக்குத் தந்தையாக. இதனால்தான் நெய்தல் அண்ணன் சொன்ன "ஒரே படைப்பு" என்ற கருத்தை நான் ஏற்கிறேன்.

---

பழைய வாசகர் எழுதியது:

சந்தூக்கு என்ற சொல்லுக்காக நான் நன்றியுடையவன். பதிப்பகத்தில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

குஸ்துரிட்சாவுடனான பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லை. நீட்டி எழுதும் எண்ணம் எனக்கும் இல்லை. போர் வந்தபோது ஒருவர் முற்றுகைக்குள் இருந்தார். மற்றவர் செர்பியத் தலைநகரான பெல்கிரேடைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவருடைய நிலைப்பாட்டைச் சித்ரான் வெளிப்படையாகவே கண்டித்தார். இரண்டே படங்களில் அந்தக் கூட்டணி முடிந்தது. இதைத் திரைப்படக் கிசுகிசுவாகப் பேசுவது இருவருக்கும் நீதி ஆகாது. ஒரு நாடு உடைந்தபோது ஒரு நட்பும் உடைந்தது.

தொடர்ச்சியைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. சித்ரானோடு எழுதிய ஜாலிட்சா 2003இல் தாமே இயக்குநராகி, போருக்குப் பிந்தைய சிற்றூர் ஒன்றின் கதையோடு லொகார்னோவில் பரிசு பெற்றார். தானிஸ் தானோவிச்சின் 'நோ மேன்ஸ் லேண்ட்' 2001இல் கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதையும், மறு ஆண்டு ஆஸ்கரையும் பெற்றது. யாஸ்மிலா ஜ்பானிச்சின் 'கிர்பாவிட்சா' 2006இல் பெர்லினில் தங்கக்கரடி வென்றபோது, அதில் தாயாக நடித்தவர் ஹாஜரா அம்மா குறிப்பிட்ட அதே மிர்யானா கரனோவிச். அந்தத் தாயும் தன் மகளிடம் அவளுடைய தந்தையைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லி வளர்க்கிறாள். இருபத்தொரு ஆண்டு இடைவெளியில் ஒரே முகம், ஒரே வகைப் பொய். ஜ்பானிச் இதைத் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, சித்ரானைப் படித்தவர்களால் இதைக் காணாமல் இருக்க முடியாது.

---

திரையகம் எழுதியது:

நேற்றிரவு 'பிழையற்ற வட்ட'த்தை முதன்முறையாகப் பார்த்தேன். இயக்குநரே படத்தின் உயிர் என்ற என் கருத்தை முழுதாகக் கைவிட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும். குஸ்துரிட்சாவின் கைவண்ணம் இல்லாத இந்தப் படத்தில் காட்சியமைப்பு சில இடங்களில் தளர்கிறது, அழுகையை முன்கூட்டியே கேட்கிறது. ஆனால் 'டாலி பெல்'லின் ஒற்றை அறையும், ஸ்வோர்னிக்கின் வீடும், சன்னல் உடைந்த ஹம்ஸாவின் குடியிருப்பும் ஒரே வீடுதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டை எழுதியவர் ஒருவர்தான்.

ஹம்ஸா கருவி எதுவும் இல்லாமல், வெறுங்கையால் ஒரே வீச்சில் வட்டம் வரைகிறார். தொடங்கிய புள்ளியிலேயே கோடு வந்து முடிகிறது. படம் முடிந்த பிறகு ஒரு தாளை எடுத்து நானும் வரைந்து பார்த்தேன். ஒன்றுகூடச் சேரவில்லை. சித்ரானின் கவிதைகளை எந்த மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம் என்று ஹாஜரா அவர்கள் சொல்ல வேண்டும்.

---

ஹாஜரா எழுதியது:

'பார்வையற்றவன் தன் ஊருக்குப் பாடுகிறான்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு தேர்ந்தெடுத்த தொகுப்பு உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள். சரயேவோவில் 1914இல் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுடுவதற்கு முந்தைய இரவில் காவ்ரிலோ பிரின்சிப் தூக்கத்தில் பிதற்றுவதாக அவர் எழுதிய கவிதையைத் தேடிப் படியுங்கள். வரலாற்றின் மிகப் பெரிய துப்பாக்கிச் சூட்டை எழுத வந்தவர், அங்கேயும் உறக்கத்தில் உழலும் ஒரு பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறார். தூக்கத்தில் நடந்த மாலிக் எங்கிருந்து வந்தான் என்று அப்போது தெரியும்.